இரசிகமணியின் வட்டத்தொட்டி

தாயகத்தினின்றும் நெடுந்தொலைவில் வாழும் நாம், ஆண்டுவிழா நன்னாளில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைவுகூர்தல் சாலப் பொருத்தமாகும்.

1882ஆம் ஆண்டில் தோன்றிய அப்பெரியார் சட்டம் பயின்றவர். எனினும் அவர் உள்ளம் வழக்குமன்றத்தில் தங்கவில்லை. 1924இல் திருநெல்வேலியில் தம் இல்லத்திலேயே நண்பர்களைக் கூட்டிக் கம்பனைப் பயிலலானார். அவ்வவையே வட்டத்தொட்டி எனப் பெயர்பெற்றது. புலமை பெறாதாரும் அங்கே அமரலாம். அவர் சீர்களைப் பிரித்து, ஒரே பாடலைப் பன்முறை ஓதிப் பொருளை மலரச் செய்வார்.

தில்லைக் கூத்தனின் பெயர் தாங்கிய அவர் திருமாலின் அவதாரக் கதையில் உருகினார். குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் இராமன் உடன்பிறந்தாராக ஏற்கும் இடத்தை ஊன்றிப் படிக்குங்கால், இறையருள் குலம் நோக்குவதன்று என்பதை நாமும் உணர்கிறோம். சமய நூல்கள் அறிவுக்குச் சொல்வதைக் கவிதை நெஞ்சுக்குக் காட்டிவிடுகிறது.

பின்னர் அவர் அறநிலைய ஆணையராகித் திருக்கோயில்களைப் பேணினார். கம்பனில் பல பாடல்களை இடைச்செருகல் என்று அவர் நீக்கியதைப் புலவர் பலர் மறுத்தனர்; நாமும் அதனை முற்றும் ஏற்பதற்கில்லை. ஆயினும், தமிழ்ப் பாட்டை எளியோரின் உடைமையாக்கிய பெருமை அவருடையதே. குற்றாலத்தில் இராஜாஜி, கல்கி முதலியோர் அவருடன் கம்பனில் திளைத்தனர். 1954இல் அவர் மறைந்தார்.

நம் குடியிருப்பில் வளரும் சிறார் தமிழ் பேசுகின்றனர், படிப்போர் சிலரே. ஞாயிறுதோறும் ஓர் இல்லத்தில் ஒரு பாடலேனும் கூடிப் படிப்போமாயின், வட்டத்தொட்டி இங்கும் உயிர்பெறும்.