பத்தமடை தந்த வைத்தியத் துறவி

வெருகல் ஆற்றிற்குப் பாலம் அமையாத காலத்தில், அக்கரை செல்வோர் பாதை வரும்வரை துறையிலே காத்து நிற்பர். மகாவலியின் கிளை கடலை நெருங்கும் அத்துறையில், இளைஞனாயிருந்த நான் ஒருநாள் மயங்கி வீழ்ந்தேன். எனக்குத் தொய்வு நோய் உண்டு. மூச்சை அடக்கினால் நோயெல்லாம் அகலும் என்று எவரோ சொல்லக் கேட்டுக் குளிசைகளை நிறுத்திவிட்டேன். சித்திரவேலாயுதர் கோயில் வீதியிலே அமர்ந்து, நாள்தோறும் எண்ணிக்கையைக் கூட்டி மூச்சைப் பிடித்து வந்தேன். அதன் பலன் அது!

திருகோணமலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் முகத்தில் நீர் தெளித்து எழுப்பினார். பின்னர் அவரே, சுவாமி சிவானந்தர் 1935இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிராணாயாம நூலை எனக்குப் படிக்கத் தந்தார். ஆசிரியர் ஒரு வைத்தியர் என்பதை அறிந்தபோது வியந்தேன். சற்று நாணவுஞ் செய்தேன்.

பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887 செப்டெம்பர் 8ஆந் திகதி பிறந்த குப்புசாமியே பின்னாளிற் சிவானந்தரானார். தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, மருத்துவ இதழொன்றையும் நடத்தினார். 1913இல் மலாயாவுக்குச் சென்று, தோட்ட ஆஸ்பத்திரியிற் பணியாற்றினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் யாவற்றையும் துறந்து வடக்கே நடந்தவர், 1924 யூன் 1ஆந் திகதி ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்றார். துறவியான பின்பும் வைத்தியத்தைத் துறக்கவில்லை என்பதே என் நெஞ்சைத் தொட்ட செய்தி. தமது காப்புறுதிப் பணத்தைக் கொண்டு 1927இல் இலட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். மூச்சுப் பயிற்சியை ஊருக்கு உரைத்தவர், நோயாளிக்கு மருந்தையுங் கொடுத்தார். 1936இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைப் பலரும் அறிவர்.

பயிற்சியில் அவர் வற்புறுத்தியது இதம். தொடக்கத்தில் மூச்சை நிறுத்தவே வேண்டாம். ஓசையின்றி மெல்ல இழுத்து மெல்ல விடுக. திணறல் தோன்றுமளவுக்குச் செல்லற்க. நான் செய்தது நேர்மாறானது.

இதற்கு உடற்கூற்றிலும் நியாயம் உண்டு. அமைதியான ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்று உட்புகும்; அதில் 150 அளவு மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடும். மேலோட்டமாக விரைந்து மூச்சுவிடுபவன் அவ்வழியையே நிரப்பி இளைக்கிறான். ஆழ்ந்து மெல்ல விடுபவனுக்கோ நுரையீரலின் நுண்ணறைகளுக்குக் காற்று மிகுதியாய்ச் செல்கிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும், மனப்படபடப்பும் தணியும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர் 23 பேரைச் செபமாலையும் மந்திரமும் ஓதச் செய்து பார்த்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு அளவாகக் குறைந்தது. இதயத்தின் தாளமும் அதனோடு இசைந்தது. சமயம் வேறாயினும் நெஞ்சு ஒன்றே போலும்!

1950இல் பாரதமெங்குஞ் சுற்றிய சிவானந்தர் இலங்கைக்கும் வந்தார். பின்னர் அவர் பெயரால் திருகோணமலையிலே தபோவனமும் அமைந்தது. 1963 யூலை 14ஆந் திகதி, கங்கைக்கரையில், தமது 75ஆம் வயதில் மறைந்தார்.

இன்று வெருகலைப் பாலத்தின் வழியாகவே கடக்கிறேன். கோயில் வீதியில் காலையிற் பத்து நிமிடம் அமர்வேன், மூச்சைப் பிடிப்பதில்லை. வைத்தியர் தந்த மருந்துக்குழலும் சட்டைப்பையில் இருக்கும்.