ஒரு டாலருக்குக் கொடுத்த உயிர் மருந்து

நவம்பர் 14, நேரு பிறந்த நாள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே தேதியில் பிறந்தவர் இன்னொருவர். அங்கே சர்க்கரை வியாதிக்குப் போடும் இன்சுலின் ஊசி, அவர் தந்த கொடை!

அவர் பெயர் பிரெடரிக் பாண்டிங். 1891-ல் கனடா நாட்டில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி.

டாக்டருக்குப் படித்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். 1918-ல் அவர் கையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அந்த நிலையிலும் காயம்பட்ட மற்றவர்களுக்கு வைத்தியம் செய்தார். வீரப் பதக்கம் கிடைத்தது.

முதல் மாதம் 4 டாலர்

ஊர் திரும்பி வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர்தான்!

1920 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் இரவு, கணையம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். தூக்கம் போய்விட்டது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு கணையம். ரத்தத்தில் சர்க்கரையை அடக்கும் பொருள் அதில்தான் சுரக்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு வழி அவருக்குத் தோன்றியது.

1921-ல் டொரண்டோ சர்வகலாசாலையில் பேராசிரியர் மக்லியாட் இடம் கொடுத்தார். பெஸ்ட் என்ற மாணவர் துணைக்கு வந்தார். சம்பளம் இல்லாமலே பாண்டிங் நாய்களை வைத்துச் சோதனை செய்தார். பிறகு காலிப் என்ற நிபுணர் மருந்தைச் சுத்தப்படுத்தினார்.

சிறுவன் பிழைத்தான்

1922 ஜனவரி. லியோனர்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. 12 நாள் கழித்து, இன்னும் சுத்தமான மருந்தைப் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. சிறுவன் பிழைத்தான்!

அந்த மருந்தை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் 1923-ல் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அதன் உரிமையைச் சர்வகலாசாலைக்கே கொடுத்தார்கள். வாங்கிய விலை ஆளுக்கு ஒரு டாலர்! எந்த ஒரு கம்பெனியும் அதைத் தனக்கென்று பூட்டி வைக்கக் கூடாது என்பதே நோக்கம்.

அதே ஆண்டு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு வந்தது. தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார் பாண்டிங். 1941-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 49.

இன்றைய நிலை

இன்று உலக இன்சுலின் வியாபாரத்தில் பெரும் பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. ஏழை நாடுகளில் பலர் கைக்காசு போட்டே வாங்குகிறார்கள்.

2023-ல் வெளியான ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. தொடக்கத்திலேயே கண்டால் பலருக்கு விலை குறைந்த மாத்திரையும், அளவான சாப்பாடும், நடையும் போதும். அசட்டையாக இருந்தால் கண், கால், சிறுநீரகம் கெடும். அப்போது வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்.

ஏழையும் பிழைக்கட்டும் என்று ஒரு டாலருக்குக் கொடுத்தார் பாண்டிங். அவர் பிறந்த நாளே இன்று உலக நீரிழிவு தினம். அந்த நாளிலாவது வீட்டுப் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது, குடும்பத்துக்கு நல்லது.