ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்

பூவிருந்தவல்லியில் எம் பாட்டனார் இல்லத்துக் கூடத்தில், நிலைக்கு மேலாக, எம் முப்பாட்டியாரின் புகைப்படம் ஒன்று நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. முக்காலியின்மேல் நிறுத்திய பெரிய மரக் காமிராவில், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு யாரோ ஒருவர் எடுத்த படம் அது. அதில் கண்கள் இரண்டும் தெளிவாக விளங்கும். காதுத் தோடும் தலைப்பூவும் பனிக்குள் மறைந்தாற்போல மங்கிக் கரைந்து நிற்கும். படம் பிடித்தவர் தம் தொழிலைச் செவ்வனே கல்லாதவர் என்பது எம் வீட்டாரின் முடிபு. யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அத்தகைய மங்கலைக் குற்றமென்று கொள்ளாது அழகென்று துணிந்து, அதன்பொருட்டு வல்லுநரின் ஏளனத்தையும் ஏற்ற ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கற்ற பின்னரே அம்முடிபை மாற்றிக்கொண்டேன். அவர் நம் நாட்டிற் பிறந்து, நம்மவர் உழைத்த இலங்கை மலைநாட்டில் மறைந்தவர் என்பதை நம் மாணவருட் பலர் அறியார்.

ஜூலியா மார்கரெட் 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்; தாயார் பிரெஞ்சு உயர்குடியினர். உடன்பிறந்த சகோதரியர் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். ஜூலியாவோ அறிவுக்கும் ஓயாத ஊக்கத்திற்கும் பெயர் பெற்றார். கல்வி பெரும்பாலும் பிரான்சு தேசத்தில் நடந்தது. 1836-இல் நோய் தீரும்பொருட்டு நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தங்கினார். அங்கு அவருக்கு இருவரது நட்பு வாய்த்தது. ஒருவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த சர் ஜான் ஹெர்ஷெல். மற்றொருவர் சார்லஸ் ஹே காமரன் என்னும் சட்ட அறிஞர். காமரன் துரையை 1838-இல் கல்கத்தாவில் மணந்தார். மணமகன் மணமகளினும் இருபது வயது மூத்தவர். (காமிரா என்னும் சொல்லுக்கும் இக்குடும்பப் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; தற்செயலான ஒலியொப்புமையே.)

கணவரைக் குறித்தும் சிறிது கூறல் வேண்டும். கோல்புரூக் என்பாருடன் இலங்கைக்கு அனுப்பப்பெற்ற விசாரணைக் குழுவில் இருந்து, அத்தீவின் நீதிமன்றங்களைச் சீர்திருத்த வழி வகுத்தவர் இவர். குடிகளைக் கூலியின்றி வேலைவாங்கிய இராஜகாரிய முறை அக்குழுவின் முயற்சியாலேயே 1832-இல் ஒழிந்தது. பின்னர் இந்தியாவில் மெக்காலே பிரபுவின் கீழ்த் தண்டனைச் சட்ட வரைவிலும் உழைத்தார். இலங்கையின்மீது கொண்ட காதலால் அங்குக் காப்பித் தோட்டங்களையும் வாங்கினார்.

1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-இல் வைட் தீவின் பிரஷ்வாட்டர் என்னும் ஊரில், கவிஞர் டென்னிசனின் இல்லத்திற்கு அண்மையில், இரு வீடுகளை வாங்கி ஒன்றாக்கி, தம் இலங்கைத் தோட்டத்தின் பெயரால் அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். 1863-இன் இறுதியில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தார். அம்மையாரின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அம்மையாருக்கு வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் பருவத்தில் ஒருவர் புதுக்கலை ஒன்றைத் தொடங்குதல் எந்நாட்டிலும் அரிது.

அக்கலையோ இன்றுபோல் எளிதன்று. கொலோடியன் என்னும் பிசின்போன்ற திரவத்தைக் கண்ணாடித் தட்டின்மீது ஒரு சீராக வார்த்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருவை வெளிப்படுத்தல் வேண்டும். நைட்ரேட்டு பட்ட இடமெல்லாம் கறுக்கும். அம்மையார் கரிக்கிடங்கை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டைக் கண்ணாடி மாளிகையாக்கிப் படம்பிடிக்கும் அறையாகக் கொண்டார். கைவிரல்களும் உடைகளும் கறைபட்டன. ஈரத்தட்டைக் கணவருக்குக் காட்டும் ஆவலில் உணவறைக்கு ஓடிவந்து மேசைவிரிப்புகளையும் பாழாக்கினார். முதன்முதல் ஒரு குடியானவரை மணிக்கணக்கில் கூலி கொடுத்து அமர்த்தி எடுத்த படத்தைத் தம் கையாலேயே தடவி அழித்துவிட்டார். 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படமே சரிவர அமைந்தது. அதனைத் தம் முதல் வெற்றியென்று எழுதிவைத்து மகிழ்ந்தார்.

இனி மங்கலின் காரணத்தைக் காண்போம். முதற்காமிரா ஏறத்தாழ 11 அங்குலத்திற்கு 9 அங்குலம் அளவுள்ள தட்டை ஏற்பது. அதன் லென்ஸ் பாரிஸ் நகரத்து ஜாமின் செய்தது. 1866-இல் 15-க்கு 12 அங்குலத் தட்டுக்குரிய பெரிய காமிராவையும், டால்மேயர் செய்த 30 அங்குலக் குவியதூரமுள்ள லென்ஸையும் பெற்றார். லென்ஸின் குவியதூரம் நீளநீள, முகம் அண்மையில் அமையஅமைய, துவாரம் அகலஅகல, தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே போகும். கண்ணிமை தெளிந்தால் காது மங்கும். மூக்குநுனி தெளிந்தால் கண் மங்கும். அன்றியும் கொலோடியன் தட்டு நீல ஒளியையே மிகுதியும் உணர்வது. பழைய லென்ஸ்களிற் சில நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரே இடத்திற் குவிப்பதில்லை. கண்ணுக்குத் தெளிவென்று தோன்றியது தட்டில் தெளியாது போகும். இவற்றுடன், அம்மையாரின் படத்திற்கு அமர்ந்தோர் சில நிமிடங்கள்வரை அசையாதிருக்க வேண்டியிருந்தது. மூச்சு விடுவதும் படத்திற் பதியும்.

டால்மேயர் லென்ஸ் மங்கலுக்கென்று செய்யப்பட்டதன்று என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. துவாரத்தைச் சுருக்கினால் கூரிய படம் தருவது அது. சுருக்கினால் நேரம் மிகும்; சுருக்கவேண்டும் என்ற விருப்பமும் அம்மையாருக்கு இல்லை. திருகைத் திருப்பிக்கொண்டே வருகையில் கண்ணுக்கு எங்கு அழகு தோன்றியதோ அங்கேயே நிறுத்திவிடுவார். அதற்கு மேலும் திருகிக் கூர்மையைத் தேடார். தற்செயலாய்த் தொடங்கியது இவ்வாறு கொள்கையாயிற்று.

லண்டன் புகைப்படக் கழகத்தார் இதனைப் பொறுக்கவில்லை. கழகத்தின் பத்திரிகை அவர் படங்களைக் கவனக்குறைவின் விளைவென்று கண்டித்தது. தட்டில் விரற்கறையும் கீறலும் இருந்தமை மெய்யே. அவற்றையும் கலையென்று கொண்டாட எனக்கு மனமில்லை. சிலவிடங்களில் அவர் அவசரப்பட்டார் என்றே தோன்றுகின்றது. ஆயினும் 1867-இல் எடுத்த ஹெர்ஷெலின் முகத்தைக் கண்டோர் அக்கண்டனத்தை மறந்துவிடுவர். நரைத்த கூந்தலைக் கழுவி விரித்துவிடச் செய்து, இருளினின்று ஒளி வெளிப்பட்டாற்போல அம்முகத்தை அமைத்தார் என்பர். படத்தை நிலைநிறுத்த உதவும் ஹைப்போ உப்பின் பயனை உலகுக்கு அறிவித்தவரும் ஹெர்ஷெலே; கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்குப் புகைப்படக் கலையின் முதற்செய்திகளை எழுதியவரும் அவரே. டார்வின், கார்லைல், டென்னிசன், பிரௌனிங் ஆகியோரும் அம்மையாரின் காமிராமுன் அமர்ந்தனர். 1865-இல் தென் கென்சிங்டன் பொருட்காட்சிசாலை அவர் படங்களை விலைக்கு வாங்கியது. 1868-இல் தன் கட்டிடத்திலேயே இரண்டு அறைகளையும் அளித்தது.

பெரியோரைப்போலவே பணிப்பெண்களும் அவருக்குப் படப்பொருளாயினர். பிச்சையெடுத்து நின்ற அயர்லாந்துச் சிறுமி மேரி ரயனை எடுத்து வளர்த்துப் பல படங்களில் அமர்த்தினார். அப்படங்களுள் ஒன்றைக் காட்சிசாலையிற் கண்ட இளைஞர் ஒருவர் காதல்கொண்டு, 1867-இல் அப்பெண்ணையே மணந்தார். அவர்தாம் பின்னாளில் அஸ்ஸாமின் தலைமைக் கமிஷனராகி, 1904-இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன். புகைப்படத்தின் வன்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ!

இத்துணைப் புகழும் பணமாகவில்லை. 1869 முதல் இலங்கைக் காப்பிச் செடிகளின் இலையில் துருநோய் பற்றிப் பரவியது. தோட்ட வருவாய் தேய்ந்தது. புதல்வர் சிலர் அங்கு இருந்தனர். முதுமையுற்ற கணவரும் அத்தீவையே நாடினார். 1875-இல் தம்பதியர் கப்பலேறினர். வழியில் இறப்பு நேரினும் நேரும் என்று கருதிச் சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர். அவற்றினுள் கண்ணாடிச் சாமான்களை அடுக்கியிருந்தனர் என்று கூறுவர்.

களுத்துறையிற் குடியேறிய பின் அம்மையார் எடுத்த படங்கள் மிகச் சிலவே. இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. வெப்பத்தில் ஈதர் விரைந்து ஆவியாகும். தட்டு கைக்குள்ளேயே உலரும். 1877-இல் மலர்களை ஓவியம் தீட்டும் மேரியன் நார்த் அங்கு வந்தபொழுது, நண்பகல் வெயிலில் அவருக்கு மெல்லிய சால்வை போர்த்தித் தென்னங்கீற்றுகளின் நடுவே நிறுத்திப் படம் பிடித்தார். எஞ்சிய படங்களில் பெரும்பாலும் காணப்படுவோர் தோட்டத்திலும் வீட்டிலும் உழைத்த எளியோர். அவருட் பலர் தமிழர்.

அத்தமிழர் எவ்வாறு அங்குச் சென்றனர்? திருச்சி, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களில் பஞ்சத்தாலும் கடனாலும் ஊரைவிட்டு, கடல் கடந்து மன்னாரிற் கரையேறி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் எண்ணிறந்தோர். கூலியில்லா வேலையை ஒழிக்க உழைத்த காமரன் துரையின் தோட்டமும் இத்தகையோரின் தோள்களாலேயே தழைத்தது. இம்முரண் எனக்கு உறுத்துகின்றது.

அவருள் ஓர் இளம்பெண்ணின் படம் உண்டு. ஹெர்ஷெலையும் டார்வினையும் நோக்கிய அதே அமைதியோடு அம்மையார் அவளையும் நோக்கியிருக்கின்றார், வேடமிட்டுக் கேலிப்பொருளாக்கவில்லை. ஆனால் ஹெர்ஷெலின் படத்தடியில் பெயர் உண்டு. இப்பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. இலங்கை இளம்பெண் என்று மட்டுமே அப்படம் குறிக்கப்பெறுகின்றது.

அம்மையார் 1879 ஜனவரி 26-ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் உயிர் நீத்தார். கணவர் அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் இறந்த பின்னரே அவர் விரும்பிய மங்கலுக்கென்று தனி லென்ஸ்கள் செய்யப்பட்டன: 1890-களில் டால்மேயர்-பெர்க்கைம், பின்னர்ப் பாஸ்டன் நகரத்துப் பிங்க்ஹாம்-ஸ்மித், உல்லன்சாக் கம்பெனியின் வெரிட்டோ, ஜெர்மனியின் இமகான். லென்ஸின் விளிம்பில் நுழையும் கதிர்கள் நடுக்கதிர்களோடு ஒன்றாமல், தெளிந்த உருவின்மேல் மெல்லிய ஒளிப்படலத்தைப் போர்க்குமாறு அவை அமைக்கப்பட்டன. அப்பழைய பித்தளைக் குழல்களைத் தேடிப் பிடித்துப் பெரிய மரக் காமிராவிற் பொருத்துவோர் இன்றும் உளர். பிரஷ்வாட்டரில் உள்ள டிம்போலா இல்லமும் பொருட்காட்சிசாலையாக விளங்குகின்றது.

கணவனும் மனைவியும் பொகவந்தலாவைப் பரிசுத்த மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், மலைச் சரிவில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் கண்ட காப்பி இன்று அங்கு இல்லை, சுற்றிலும் தேயிலை. கொழுந்து பறிப்போர் பேசும் மொழி தமிழ்.