கெர்ட்ரூட் எலியன் அம்மையார்

1918-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில் கெர்ட்ரூட் எலியன் பிறந்தார். தந்தையார் லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பல் மருத்துவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் 1929-ல் அந்நாட்டுப் பங்குச் சந்தை சரிந்தபோது, தந்தையார் சேர்த்து வைத்த செல்வமெல்லாம் போய்விட்டது. அதைத் தொடர்ந்த பெருமந்தம் ஏறக்குறைய பத்தாண்டுகள் நீடித்தது. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர்.

அதே 1933-ல்தான் எலியன் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். வயது 15. தோழியரே, நம் வயதுதான்! அன்புத் தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு, அந்நோய்க்கு மருந்து காண வேண்டுமென உறுதி பூண்டார். வேதியியலே தம் பாடம் என்றார். பணத்திற்கு எங்கே போவது? நல்ல மதிப்பெண் பெற்ற பெண்களிடம் ஹன்டர் கல்லூரி கட்டணம் வாங்கவில்லை. அந்த ஒரு சலுகை இல்லையேல் இக்கட்டுரைக்கே இடமில்லை.

1937-ல் மிகச் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டுப் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார்; ஒன்றும் தரவில்லை. ஆய்வுக்கூடங்களோ பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கின. ஓரிடத்தில், இவர் வந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்றார்களாம். நமக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. செயலர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தாதியர்க்குப் பாடம் சொல்லும் மூன்று மாத வேலை கிடைத்ததும் அதை விட்டார். பிறகு ஓர் ஆய்வுக்கூடத்தில் சம்பளமின்றியே உழைத்தார். காலப்போக்கில் வாரம் 20 டாலர் கிடைத்தது.

வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய அந்நாளில், கையிலிருக்கும் 20 டாலரை விட்டுவிட்டு மீண்டும் மாணவியாவதா? நம் வீட்டுப் பெரியவர்களாயின் கூடாது என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் உதவியாளர் வேலையில் நீடித்தால் மருந்து காணும் எண்ணம் கைகூடாதென எலியன் கண்டார். சிறுகச் சிறுகச் சேமித்தார்; பெற்றோரும் கொஞ்சம் கொடுத்து உதவினர். 1939-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். பாடங்கள் முடிந்தபின் பகலில் பள்ளி ஆசிரியை. இரவிலும் விடுமுறையிலும் ஆய்வு. 1941-ல் முதுகலைப் பட்டம் வந்தது.

போர்க்காலத்தில் வேதியியலாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உணவுக் கம்பெனி ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை முதலில் கிடைத்தது! 1944-ல் பர்ரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஹிட்சிங்ஸ் என்னும் விஞ்ஞானியிடம் சேர்ந்தார்.

வேலையோடு புரூக்ளின் பாலிடெக்னிக்கில் முனைவர் பட்டத்துக்கும் படித்தார். சில ஆண்டுகளுக்குப் பின், வேலையை விட்டு முழுநேரமும் படிக்க வேண்டுமெனக் கல்லூரி கண்டிப்பாகக் கூறிற்று. இம்முறை அவர் படிப்பை விட்டார். முன்பு செய்ததற்கு இது நேர்மாறு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் முன்பு படிப்பின் வழியாகத் தேடிய ஆய்வு இப்போது வேலையிலேயே கிடைத்திருந்ததே!

அந்த ஆய்விலிருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் காக்க அசாதயோபிரின் வந்தது. 1988-ல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. 1999 பிப்ரவரி 21-ல் காலமானார். மெர்காப்டோபியூரின் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது.