சமூக மாற்றமும் கோட்பாட்டின் மறுசிந்தனையும்: டபிள்யூ. இ. பி. டூபாய்ஸின் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

சமூகத்தை விளக்க எழும் கோட்பாடு, அச்சமூகம் மாறுகையில் தானும் மாற வேண்டியதாகிறது. இம்மாற்றம் இரு நிலைகளில் நிகழலாம். கண்டடைந்த முடிவுகளைத் திருத்திக்கொள்வது ஒன்று. அம்முடிவுகளுக்கு அடிப்படையாக அமைந்த கருதுகோளையே ஐயுறுவது மற்றொன்று. பின்னது அரிதாகவே நிகழ்கிறது. ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பையே அது கேள்விக்கு உட்படுத்திவிடும். அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸின் (1868-1963) வாழ்வில் அது நிகழ்ந்த முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கல்வியும் தொடக்கக்கால நம்பிக்கையும்

டூபாய்ஸ் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிக்கப்பட்டு மூன்றாண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கோடை விடுமுறைகளில் டென்னசி மாநிலச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். தென்மாநிலக் கறுப்பின உழவர்களின் வறுமையை அங்குதான் நேரில் கண்டார். பின்னர் ஹார்வர்டிலும், 1892 முதல் 1894 வரை பெர்லினில் குஸ்டாவ் ஷ்மோலர் முதலியோரிடமும் பயின்றார். சான்றுகளையும் புள்ளிவிவரங்களையும் முதலில் திரட்டி, அவற்றிலிருந்தே பொதுக்கருத்துகளுக்குச் செல்ல வேண்டும் என்பது ஷ்மோலர் மரபின் நெறி. 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார்.

1896இல் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாம் வட்டத்துக் கறுப்பின மக்களை ஆராயும் பணியைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவரிடம் ஒப்படைத்தது. அவ்வட்டத்தில் வாழ்ந்த கறுப்பினத்தவர் 9,000க்கும் மேற்பட்டோர். வீடு வீடாகச் சென்று தொழில், வருவாய், கல்வி, குடும்ப அமைப்பு முதலியவற்றைக் கேட்டுப் பதிவு செய்தார். அவ்வாய்வு 1899இல் நூலாயிற்று. வறுமையும் குற்றமும் இனத்தின் பிறவிக்குணங்கள் என்ற அக்காலக் கருத்தை அந்நூல் மறுத்தது. அடிமைமுறையின் எச்சம், வேலைமறுப்பு முதலிய சமூகக் காரணங்களை முன்வைத்தது. இனப்பகையின் வேர் அறியாமையே. உண்மையை முறைப்படி எடுத்துரைத்தால் அது நீங்கும் என்ற நம்பிக்கை இவ்வாய்வுக்கு அடிப்படையாக இருந்தது.

நம்பிக்கை தளர்ந்த காலம்

1897 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, கறுப்பின வாழ்வு குறித்த ஆண்டாய்வுகளை வழிநடத்தினார். அதே ஆண்டுகளில் தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்து வந்தன. இனப்பிரிவினைச் சட்டங்கள் பெருகின. 1899 ஏப்ரலில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி ஜார்ஜியாவில் கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார். அந்நிகழ்வு குறித்து நிதானமாக எழுதிய மடலுடன் நாளிதழ் அலுவலகத்துக்குப் புறப்பட்ட டூபாய்ஸ், இறந்தவரின் உடற்பகுதி அருகிலுள்ள கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளதை அறிந்து பாதிவழியில் திரும்பினார். அம்மாதத்தை அடுத்து, அவருடைய இளம் மகன் நோயால் இறந்தான்.

1906இல் அட்லாண்டாவில் இனக்கலவரம் மூண்டது. அவ்வாண்டு அலபாமா மாநிலத்தின் லௌண்ட்ஸ் மாவட்ட வேளாண்குடிகளைப் பற்றி அரசுக்காக அவர் நிகழ்த்திய விரிவான ஆய்வு வெளியிடப்படாமலேயே அழிக்கப்பட்டது. உண்மையை அறிய விரும்பாத அதிகாரத்தின் முன் புள்ளிவிவரத்தின் வலிமை எத்தகையது என்பதை இந்நிகழ்வு காட்டிற்று. 1910இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் 'தி கிரைசிஸ்' இதழுக்கு ஆசிரியரானார்.

கருதுகோளின் மாற்றம்

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934இல், சங்கத்தோடு கருத்து வேறுபட்டு அட்லாண்டாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் பற்றிய அவரது நூல் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. போரின்போது அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தமாக அந்நூல் விளக்கியது. குறைந்த கூலி பெற்ற வெள்ளைத் தொழிலாளர்க்குச் சமூக மதிப்பே ஒருவகைக் கூலியாக அளிக்கப்பட்டதால், அவர்கள் கறுப்பினத் தொழிலாளரோடு இணையவில்லை என்றும் வாதிட்டது. இவ்விளக்கத்தின்படி இனப்பகை அறியாமையின் விளைவு மட்டுமன்று. அதனால் பயன்பெறுவோர் உள்ளனர். 1940இல் எழுதிய தன்வரலாற்று நூலில், இனப்பகைக்குப் பின் நனவிலிப் பழக்கங்களும் பொருளாதார நலன்களும் இருப்பதைத் தாம் படிப்படியாக உணர்ந்த வரலாற்றையும் விவரித்தார்.

1946இல் அம்பேத்கர் டூபாய்ஸுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின அமெரிக்கர் அளித்திருந்த விண்ணப்பம் குறித்து வினவினார். ஒடுக்கப்பட்டோரின் சிக்கலை ஒரு நாட்டின் எல்லைக்குள் அடக்கவியலாது என்னும் பார்வை இருவரையும் இணைத்தது. முதுமையில் டூபாய்ஸின் கடவுச்சீட்டை அமெரிக்க அரசு சில ஆண்டுகள் மறுத்தது. 1961இல் கானாவுக்குச் சென்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கிய அவர், அது நிறைவுறாத நிலையில் 1963 ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் காலமானார். மறுநாள் குடிமை உரிமைகளைக் கோரி வாஷிங்டனில் பெரும்பேரணி நடந்தது.

முடிவுரை

டூபாய்ஸ் தரவு திரட்டும் நெறியை இறுதிவரை கைவிடவில்லை. உண்மை அறியப்பட்டால் போதும் என்ற கருதுகோளையே விலக்கினார். இம்மாற்றத்துக்கு வித்திட்டவை, அவருடைய ஆய்வு முறையால் விளக்கவியலாதவாறு அவர் கண்முன் நிகழ்ந்தவை. சமூகம் எதை அறியவில்லை என்பதோடு, எதை அறிய மறுக்கிறது, அம்மறுப்பால் யார் பயன்பெறுகின்றனர் என்பவற்றையும் கோட்பாடு ஆராய வேண்டும் என்பது அவர் வாழ்வு வழிப் பெறப்படுகிறது.