கராஜில் பூத்த தாமரை: காலின் சாப்மன்



பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காடியைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். லோட்டஸ் என்ற பெயர் போட்ட சின்ன முத்திரை ஒன்று அதில் இருக்கும். வளைவுகளில் அந்தக் காடி ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்படி சரிசெய்து கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் லோட்டஸ் பொறியியலாளர்கள். 1996-இல் நம் நாட்டுப் புரோட்டோன் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 2017 வரை லோட்டஸ் புரோட்டோன் கையில்தான் இருந்தது.

லோட்டஸ் என்றால் தாமரை. நம் வீட்டுச் சாமிப் படத்தில் லட்சுமி வீற்றிருக்கும் பூ. ஒரு வெள்ளைக்காரர் தன் காருக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தார்? அதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. அவர் மட்டும் கடைசிவரை வெளிப்படையாகக் காரணம் சொல்லவே இல்லை. ஆனால் அந்தக் கார் பிறந்த இடம் எல்லாருக்கும் தெரியும். லண்டனில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ்.

அந்த மனிதர்தான் காலின் சாப்மன். நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணம் இருக்கு. கையில் காசு இல்லாத ஒரு மாணவன் எதை வைத்து ஆரம்பித்தான் என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. அதைப் பிறகு சொல்றேன்.

விற்காமல் போன கார்

சாப்மன் 1928 மே 19-ஆம் தேதி ரிச்மண்டில் பிறந்தார். வளர்ந்தது வடக்கு லண்டனில் உள்ள ஹார்ன்சி வட்டாரத்தில். அவருடைய அப்பா அங்கே ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கடையை நடத்தி வந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். கார் சம்பந்தப்பட்ட படிப்பே கிடையாது. பாலமும் கட்டடமும் எப்படிப் பாரம் தாங்குது என்று கணக்குப் போடுகிற படிப்பு. அங்கேயே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம் செய்தார். போருக்குப் பிறகு புதுக் கார் கிடைப்பது கஷ்டம். அதனால் பழைய காருக்கு நல்ல கிராக்கி. ஆனால் 1947 இறுதியில் பிரிட்டிஷ் அரசாங்கம் பொதுமக்களின் சாதாரணப் பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது. பெட்ரோலே கிடைக்காதபோது யார் கார் வாங்குவாங்க? சந்தை படுத்துவிட்டது. சேர்த்த லாபமெல்லாம் கரைந்தது. கடைசியில் மிஞ்சியது, யாருமே வாங்காத பழைய ஆஸ்டின் செவன் ஒன்று.

ஆஸ்டின் செவன் அந்தக் காலத்துச் சாமானியர்களின் கார். என்ஜின் வெறும் 747 சி.சி. நம்ம பழைய கஞ்சில் காடியின் என்ஜின் அளவுதான் இருக்கும். சாப்மன் அதைப் பிரித்துப் போட்டார். அவர் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் மஸ்வெல் ஹில்லில் குடியிருந்தார்கள். வேலை நடந்தது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில். பழைய உடலைக் கழற்றி, சேஸியைப் பலப்படுத்தி, பிளைவுட்டும் அலுமினியத் தகடும் சேர்த்து ஒட்டிய பலகையால் புது உடல் கட்டினார். அது விமானம் கட்டுகிறவர்களின் முறை. ஹேசலும் கூடவே நின்று வேலை செய்தார். 1948-இல் தயாரான அந்தக் கார்தான் லோட்டஸ் மார்க் 1. சேறும் மேடும் நிறைந்த பாதைகளில் ஏறும் போட்டிகளுக்கு அதை எடுத்துப் போய்ப் பரிசும் வாங்கினார்.

அதே ஆண்டு கணிதத் தாளில் கோட்டை விட்டதால் பட்டம் இல்லாமலே காலேஜை விட்டு வெளியே வந்தார். அடுத்த ஆண்டு அந்தத் தாளை மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார். ரிப்பீட் பேப்பர் எழுதப் போகும் நண்பர்களே, மனச விட்டுடாதீங்க.

1951-இல் மார்க் 3 வந்தது. இதுவும் ஆஸ்டின் செவனை வைத்துச் செய்ததுதான். அந்த என்ஜினில் 4 சிலிண்டர், ஆனால் கலவை உள்ளே போகும் வாய் இரண்டே இரண்டு. ஒரு வாயை இரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளணும். சாப்மன் அந்த வாய்க்குள் தடுப்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைக்கும்படி செய்தார். மற்றவர்களால் அந்தக் காரைத் தொடவே முடியவில்லை. போட்டி நடத்திய கிளப் விதியையே மாற்றி அந்த உத்தியைத் தடைசெய்தது.

25 பவுன் கடன்

1952 ஜனவரி 1-ஆம் தேதி லோட்டஸ் என்ஜினியரிங் தொடங்கியது. இடம், அப்பாவின் மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். முதலீட்டில் முக்கியமானது ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுன். சாப்மன் பகலில் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்தார். இரவில் லாயத்தில் கார் வேலை. நண்பர்களும் தங்கள் வேலை முடிந்து சாயங்காலம் வந்து கைகொடுத்தார்கள். 1955-இல்தான் அவர் சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக லோட்டஸுக்கு வந்தார். இந்த நிதானத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கனவு இருக்குன்னு உடனே வேலையை உதறவில்லை அவர்.

அவ்வளவு சின்ன இடத்தில் முழுக் கார்களை வரிசையாகக் கட்ட முடியாது. அதனால் அவர் பாகங்களை விற்றார். மார்க் 6 வாங்குகிறவருக்கு ஃபிரேமும் அலுமினிய உடலும் சில முக்கிய பாகங்களும் கிடைக்கும். என்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றை ஏதாவது பழைய ஃபோர்டு காரிலிருந்து எடுத்து, தன் வீட்டு கராஜில் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கிட் கார் என்பது இதுதான்.

சாப்மனின் படிப்பு கைகொடுத்தது அந்த ஃபிரேமில்தான். அப்போது நிறைய கார்களுக்கு ஏணி மாதிரி இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள்தான் முதுகெலும்பு. சாப்மன் மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்து ஸ்பேஸ் ஃபிரேம் கட்டினார். சதுரச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. ரயில் பாலங்களைப் பார்த்தால் இது புரியும். பாரம் வரும்போது ஒவ்வொரு குழாயும் இழுபடும் அல்லது அழுத்தப்படும், வளையாது. அதனால் குழாய் மெல்லிசாக இருந்தாலும் போதும். எடை குறைந்தால் சின்ன என்ஜினே அந்தக் காரை வேகமாக இழுக்கும், பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும், டயரும் குறைவாகத் தேயும்.

கிட் விற்பனைக்கு இன்னொரு காரணம் வரி. அப்போது பிரிட்டனில் முழுசாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களை வாங்கி நாமே பூட்டினால் அந்த வரி கிடையாது. 1957-இல் வந்த லோட்டஸ் செவனைக் கிட்டாக வாங்கினால் ஏறக்குறையப் பாதி விலைதான் ஆனது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்ததாம். அதனால் லோட்டஸ் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது என்றும், வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார் என்றும் கார் பிரியர்கள் இன்னமும் சொல்லிச் சிரிப்பாங்க.

யோசித்துப் பாருங்கள். சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர், சனி ஞாயிறுகளில் தன் கராஜில் ஆக்ஸிலைப் பொருத்துகிறார். நண்பர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, என்ஜினையும் கியர்பாக்ஸையும் சாய்த்து உள்ளே இறக்குகிறார். பிரேக் குழாயில் காற்று போகும்வரை பெடலை மிதிக்கிறார். ஒயர் ஒவ்வொன்றாக இழுக்கிறார். முடிந்தால் அது அரை டன் எடை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். அதில் தன் கை படாத போல்ட் ஒன்றுகூட இருக்காது. காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கியவருக்கு அந்த அறிவு வராது.

1973-இல் பிரிட்டனில் வரி முறை மாறியது, கிட் காருக்கான சலுகை போனது. செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸ் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு விற்றது. அவர்கள் இன்னமும் அந்தக் காரைக் கிட்டாகவும் விற்கிறார்கள்.

லாயத்திலிருந்து உலகக் கோப்பை வரை

கராஜில் கற்ற பாடத்தைத்தான் சாப்மன் ஃபார்முலா 1 வரை கொண்டுபோனார். தேவையில்லாத எடையைக் கழற்று, ஒரே பாகத்தை இரண்டு வேலை செய்ய வை, அவ்வளவுதான். 1962-இல் வந்த லோட்டஸ் 25-இல் தனி ஃபிரேமே இல்லை. விமானத்தைப் போல அலுமினியத் தகட்டு உடலே பாரத்தையும் தாங்கியது. 1967-இல் லோட்டஸ் 49-இல் என்ஜினே காரின் பின்பாதி சேஸியாக வேலை செய்தது. 1978-இல் லோட்டஸ் 79, விமான இறக்கையைத் தலைகீழாகப் போட்ட மாதிரி காரின் அடிப்பாகத்தை அமைத்து, ஓடும் காற்றாலேயே காரைத் தரையோடு அழுத்தியது. விமானம் ஓட்டியவருக்குக் காற்றின் குணம் தெரியாதா என்ன?

அவர் காலத்தில் லோட்டஸ் 7 முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. ஜிம் கிளார்க், கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட், எமர்சன் ஃபிட்டிபால்டி, மாரியோ ஆண்ட்ரெட்டி ஆகியோர் லோட்டஸ் ஓட்டி உலக சாம்பியன் ஆனார்கள்.

எதைக் குறைக்கக் கூடாது?

இப்போ அந்தக் கசப்பான காரணத்துக்கு வர்றேன்.

1960-இல் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில், லோட்டஸ் ஓட்டிய மைக் டெய்லருக்கு ஸ்டீயரிங் தண்டு உடைந்தது. பலத்த காயத்தோடு அவர் பந்தய வாழ்க்கையே முடிந்தது. 1969-இல் பார்சிலோனாவில் ஒரே பந்தயத்தில் ஹில், ரிண்ட் இருவரின் லோட்டஸிலும் உயரமான இறக்கை முறிந்து இருவரும் மோதினார்கள். லோட்டஸ் கார்கள் உடைகின்றன, கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை, பலமாகக் கட்டுங்கள் என்று ரிண்ட் சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். 1970 செப்டம்பர் 5-ஆம் தேதி இத்தாலியின் மொன்சாவில் பயிற்சி ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போது அவருடைய லோட்டஸ் 72 தடம் மாறி மோதியது. முன் பிரேக்கின் தண்டு ஒன்று முறிந்திருந்தது. ரிண்ட் இறந்துபோனார். அந்த ஆண்டு அவர் எடுத்திருந்த புள்ளிகளை யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்தபின் உலக சாம்பியன் ஆன ஒரே ஓட்டுநர் அவர்தான்.

நியாயமாகச் சொல்லணும் என்றால், அந்தக் காலத்தில் எல்லா அணிகளிலும் ஓட்டுநர்கள் இறந்தார்கள். மைதானங்களில் பாதுகாப்பு குறைவு. சாப்மனுக்கு மிக நெருக்கமான ஜிம் கிளார்க் 1968-இல் இறந்ததற்கும் டயரில் காற்று இறங்கியதையே காரணமாகக் கருதுகிறார்கள். ஆனாலும் ரிண்ட் எழுப்பிய கேள்வி எங்கள் வகுப்பறை வரை வருகிறது. ஒரு பாகம் இரண்டு வேலை செய்தால் எடை மிச்சம். அது உடைந்தால் போவதும் இரண்டு. அதனால்தான் பாரக் கணக்கு முடிந்தபின் பாதுகாப்புக்கு என்று கூடுதல் பலம் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேர்வில் அது ஒரு வரி. ரோட்டில் அது ஒரு உயிர்.

இதை நம் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். காடி தாழ்வாகத் தெரியணும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிற நண்பர்கள் இருக்காங்க. எடை குறையும் என்று மோட்டாரில் முன் பிரேக்கைக் கழற்றும் தம்பிகளை நானே பார்த்திருக்கிறேன். சாப்மன் மாதிரி ஒரு மேதை, கணக்குப் போட்டுக் குறைத்தபோதே இப்படி ஆனது. கணக்கே போடாமல் குறைத்தால்?

அவர் வாழ்க்கையின் முடிவும் நிழல் விழுந்ததுதான். அமெரிக்கர் டிலோரியனின் காரை வடிவமைக்க லோட்டஸ் ஒப்பந்தம் போட்டது. அந்தத் திட்டத்துக்கு வந்த பணத்தில் பெரிய தொகை வெளிநாட்டுக் கம்பெனி வழியாக மாயமானது. விசாரணை முடிவதற்குள், 1982 டிசம்பர் 16-ஆம் தேதி, மாரடைப்பால் சாப்மன் காலமானார். வயது 54தான். பிறகு லோட்டஸின் நிதி அதிகாரி சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி. 25 பவுன் கடனில் தொடங்கியவருக்கு இப்படி ஒரு கடைசி அத்தியாயம். விதியை வளைத்து ஜெயிக்கும் பழக்கம் பந்தய மைதானத்தோடு நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோணுது.

நம் நாட்டில் போர்ச்சில் கார் கட்டி அப்படியே ரோட்டில் ஓட்ட முடியாது. வண்டியின் அமைப்பை மாற்றவே ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். அது நல்லதுக்குத்தான். ஆனால் கற்றுக்கொள்ள வழி இருக்கு. ஷெல் ஈக்கோ மாரத்தான் போன்ற போட்டிகளில், குறைந்த எரிபொருளில் நிறைய தூரம் ஓடும் வண்டியை மாணவர்களே கட்டுகிறார்கள். ஆசியாவில் அது முதலில் நடந்தது நம் செப்பாங்கில், 2010-இல். போலிடெக்னிக்கிலோ யுனிவர்சிட்டியிலோ அப்படி ஒரு குழு இருந்தால் போய்ச் சேருங்க. இல்லாவிட்டால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மோட்டார் என்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக அடுக்கி, மறுபடி பூட்டிப் பாருங்க. பிரேக்கைத் தொட்டால் மட்டும், அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்க.