பண்ணையாளுக்குப் பாட்டுக் கொடுத்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி என்று ஓர் ஊர். சுதந்திரப் போரில் சிறை சென்ற தியாகிகள் பலர் பிறந்த ஊர். காந்தி மகானுக்கு அங்கே கோவிலே கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காந்தி மகான், தமிழ்நாட்டு அடியார் ஒருவரைப் பெரிதும் போற்றினார். அவர்தான் நந்தனார். யாரையும் வையாமல், தாமே துன்பத்தைத் தாங்கித் தடையை உடைத்தவர் என்று காந்தி கருதினார்.

நந்தனார் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவை பாட்டுகள். அவற்றைப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். (மகாகவி பாரதியார் வேறு. இவர் அவருக்கு முந்தியவர்.)

இவர் நாகப்பட்டினம் பக்கத்தில் உள்ள நரிமணத்தில் 1811-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டும் சிவபக்தியுமே அவருக்குக் குடும்பம். ஆனந்ததாண்டவபுரத்தில் ஒரு மிராசுதார் ஆதரவில் பல காலம் இருந்தார். பிறகு மாயூரத்தில் வாழ்ந்தார்.

புதிதாக வந்த பண்ணையார்

பெரியபுராணத்தில் நந்தனாருக்கு எஜமானர் கிடையாது. சிதம்பரத்துக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று அவரே தயங்கிக்கொண்டிருப்பார்.

பாரதியார் கதையை மாற்றினார். வேதியர் என்று ஒரு பண்ணையாரைப் படைத்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையார். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்! கூலி வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். இரவோடு இரவாகச் சிவபெருமான் அருளால் வேலை முடிந்துவிடுகிறது. பண்ணையார் நந்தன் காலில் விழுகிறார்.

சிதம்பரம் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. 'வருகலாமோ' என்று தொடங்கும். மாஞ்சி ராகம். கல் நெஞ்சும் கரையும்.

திண்ணையில் ஒரு பாட்டு

அந்தக் காலத்தில் பெரும் புலவர் ஒருவரிடம் சிறப்புப் பாயிரம் வாங்கித்தான் நூலை வெளியிடுவார்கள். பாரதியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளை தரவில்லை. பாட்டில் இலக்கணப் பிழை. கதையோ சேக்கிழார் சொன்னது அல்ல. பாரதியார் பல முறை நடந்தார்.

ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, தம் பாட்டைத் தாமே பாடினார். கேட்கக் கேட்கப் பிள்ளையின் மனம் இளகியது. பாயிரம் கிடைத்தது. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி நூல் அச்சாக உதவினார்.

கலெக்டரே பண்ணையார்

1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். மகாகவி பாரதியார் என்ன செய்தார் தெரியுமா? நந்தன் சரித்திர மெட்டை எடுத்து, கலெக்டர் விஞ்சு வ.உ.சி.யை மிரட்டுவதாக ஒரு பாட்டு எழுதினார். பண்ணையார் இடத்தில் வெள்ளைக்காரன். நந்தன் இடத்தில் வ.உ.சி. புலவர் குறையாகச் சொன்ன அந்தப் பண்ணையார் இல்லாவிட்டால் இந்தப் பாட்டு ஏது?

1935-ல் கே.பி.சுந்தரம்பாள் நந்தனாராக ஆண் வேடம் போட்டுச் சினிமாவில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வாயைப் பிளந்தது. 1942-ல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார். பாபநாசம் சிவன் புதுப் பாட்டுகள் எழுதினார். பண்ணையார் மட்டும் அதே பண்ணையார்தான்.

பாரதியார் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1896-ல் காலமானார்.

மாயூரத்தில் அவரிடம் ஓர் இளைஞர் சில நாள் சங்கீதம் கற்றார். அவர் மகாவித்துவானின் மாணவர். தமிழ் படிக்கிறவனுக்குச் சங்கீதம் எதற்கு என்று ஆசிரியர் நினைத்ததால், பாட்டை விட்டுவிட்டார். அவர்தான் உ.வே.சாமிநாதையர். பாரதியாரின் வரலாற்றைப் பின்னாளில் எழுதிவைத்தவரும் அவரே. தம் ஆசிரியர் பாயிரம் தர மறுத்ததையும் அவர் மறைக்கவில்லை.